ஹைட்ரஜன் நொதிப்புக்கு எந்த விதைக் கசடு? சாணம் முதல் ஆம்பியூல் வரை

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். இருட்டு நொதிப்பில் (ஒளியும் காற்றும் இல்லாமல் பாக்டீரியா சர்க்கரையை உடைக்கும் முறை) ஹைட்ரஜன் எடுக்க விதை, அதாவது நொதிப்பைத் தொடங்கிவைக்கும் நுண்ணுயிர்க் கூட்டம், தேடுகிறவர்களுக்குச் சேலம், ஆத்தூர் பக்கத்து ஜவ்வரிசி ஆலைக் கசடு கிடைத்தால் வேறெதையும் தேட வேண்டியதில்லை. கடையில் விற்கும் "காற்றில்லா கல்ச்சர்" பொடிக்குக் காசு கொடுக்காதீர்கள். தூய வகையை, அதாவது ஒரே ஒரு நுண்ணுயிரை, ஆம்பியூலில் (உருக்கி மூடிய சிறு கண்ணாடிக் குப்பி) வரவழைப்பது, உங்கள் ஆய்வுக் கேள்வியே அந்த வகையைப் பற்றியதாக இருந்தால் மட்டும். சாணக் குழம்பும் நகராட்சிக் கசடும் நடுவில் நிற்கின்றன. மட்கு உரம் ஒரு தனிக் கதை.

ஏன் இப்படி? ஹைட்ரஜன் தரும் குளோஸ்ட்ரிடியம் பாக்டீரியா இல்லாத இடமே இல்லை. தோட்டத்து மண்ணை எடுத்து 105 டிகிரியில் இரண்டு மணி நேரம் சுட்டுச் சர்க்கரை நீரில் போட்டால்கூட ஹைட்ரஜன் வரும். ஆகவே விதையில் பார்க்க வேண்டியது ஹைட்ரஜன் தருகிறவர்கள் இருக்கிறார்களா என்பதை அல்ல; அதைத் தின்கிறவர்கள் எத்தனை பேர் கூட வருகிறார்கள், அவர்களை எவ்வளவு சுலபமாக வெளியேற்றலாம் என்பதைத்தான்.

கணக்கு சின்னது. ஒரு மோல் குளுக்கோஸ் முழுக்க அசிட்டிக் அமிலப் பாதையில் போனால் 4 மோல் ஹைட்ரஜன். பியூட்டிரிக் பாதையில் 2. அசிட்டிக்கும் எத்தனாலும் சம பங்காக வந்தாலும் 2. லாக்டிக் அமிலத்துக்குப் போனால் பூஜ்யம். புரோப்பியானிக்குக்குப் போனால் இன்னும் மோசம்: கலனில் ஏற்கெனவே இருக்கும் ஹைட்ரஜனில் 2 மோலை எடுத்துக்கொள்ளும். கலப்புக் கசட்டில் 1.5 முதல் 2.2 வரை வந்தால் நல்ல விதை. 35 டிகிரியில் 3-ஐத் தாண்டியதாகக் கணக்கு வந்தால் மகிழ்வதற்கு முன் வாயு அளக்கும் கருவியையும், சர்க்கரை சேர்க்காத ஒப்பீட்டுக் குப்பியையும் போய்ப் பாருங்கள்.

விதைகளை ஒப்பிடச் சோதனை ஒரே மாதிரி இருக்க வேண்டும். இங்கே அடிப்படையாக எடுத்தது இது: ஒரு லிட்டர் கண்ணாடிக் குப்பி, உள்ளே 600 மி.லி. திரவம், பியூட்டைல் ரப்பர் மூடி, 35 டிகிரி, நிமிடத்துக்கு 120 சுழற்சி. லிட்டருக்கு குளுக்கோஸ் 10 கிராம், சோடியம் பைகார்பனேட் 5 கிராம், அம்மோனியம் குளோரைடு 1 கிராம், டைபொட்டாசியம் பாஸ்பேட் அரை கிராம், ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட் அரை கிராம், மெக்னீசியம் குளோரைடு 100 மில்லிகிராம், ஃபெரஸ் குளோரைடு 50 மில்லிகிராம். இரும்பைக் கைவிடக் கூடாது. குளோஸ்ட்ரிடியத்தின் ஹைட்ரஜனேஸ் நொதி இரும்பை மையமாகக் கொண்டது. சல்பேட் உப்புகளைத் தவிர்த்திருப்பது, சல்பேட்டைக் குறைக்கும் பாக்டீரியாவுக்குத் தீனி போடாமல் இருக்க. விதையைக் கன அளவில் ஒப்பிடுவதுதான் பலரும் செய்யும் குளறுபடி. சாணக் குழம்பு 60 மி.லி.யும் கெட்டியான குருணைக் கசடு 60 மி.லி.யும் ஒன்றல்ல. ஆவியாகும் திண்மத்தை 550 டிகிரியில் எரித்து அளந்து, எல்லாக் குப்பியிலும் லிட்டருக்கு 2 கிராம் வருமாறு போடுங்கள். ஒவ்வொரு விதைக்கும் மூன்று குப்பி, சர்க்கரை இல்லாமல் ஒன்று. மூடுவதற்கு முன் நைட்ரஜன் ஐந்து நிமிடம்.

பைகார்பனேட் ஏன் 5 கிராம்? 10 கிராம் குளுக்கோஸ் என்பது ஏறத்தாழ 55 மில்லிமோல். பியூட்டிரிக்காகவே போனால் 55 மில்லிமோல் அமிலம், அசிட்டிக்காகவே போனால் 110. பைகார்பனேட் 5 கிராம் 60 மில்லிமோல் அமிலத்தைத் தாங்கும். இதைவிடக் குறைத்தால் பி.எச். 4.5-க்குக் கீழே இறங்கிப் பாதிச் சர்க்கரை மிச்சமிருக்கும்போதே வேலை நின்றுவிடும். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு: அந்தப் பைகார்பனேட் முழுதும் அமிலத்தில் தீர்ந்தால் லிட்டருக்கு ஒன்றரை லிட்டர் கார்பன் டைஆக்சைடு கூடுதலாக வாயுவில் கலக்கும். ஹைட்ரஜன் சதவீதம் குறைந்து தெரியும். சதவீதத்தை மட்டும் வைத்து ஒரு விதையை நல்லது கெட்டது என்று சொல்கிற அறிக்கைகளை நம்பாமல் இருக்க இது ஒன்றே போதும். மோல் கணக்கைக் கேளுங்கள்.

இனி ஒவ்வொன்றாக.

ஜவ்வரிசி ஆலைக் கசட்டை யூ.ஏ.எஸ்.பி. கலனின் (கழிவுநீர் கசட்டுப் படுகை வழியே கீழிருந்து மேலேறும் காற்றில்லாக் கலன்) அடிப்பகுதிக் குழாயிலிருந்து எடுப்பது நல்லது. கறுப்பாக, கடுகு அளவுக் குருணைகளாக வரும். கிழங்கு மாவு கரைந்த கழிவுநீரிலேயே வளர்ந்த கூட்டம் என்பதால் ஸ்டார்ச்சை நேரடியாக உடைக்கும் வகைகள் உள்ளே இருக்கும். குளுக்கோஸிலிருந்து ஸ்டார்ச்சுக்கு மாற்றும்போது தடுமாறுவதில்லை. மரவள்ளியின் சயனைடுக்கும் பழகியது. இதன் ஒரே சிக்கல் குருணைதான். ஹைட்ரஜனைத் தின்று மீத்தேன் தரும் ஆர்க்கியாக்கள் (பாக்டீரியா போன்ற வேறொரு நுண்ணுயிர் இனம்) குருணையின் நடுவில் உட்கார்ந்திருக்கும். அவற்றைக் கொல்லத்தான் விதையை வேகவைக்கிறோம்; ஆனால் வெளியே 95 டிகிரி என்றாலும் உள்ளே சூடு போய்ச் சேரப் பிடிக்கும் நேரத்தைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. சூடாக்கும் முன் 2 மி.மீ. சல்லடையில் வடித்து, மிக்ஸியில் சில நொடி அடித்துக்கொள்ளுங்கள். அப்படிச் செய்த விதையில் முதல் குமிழி 10 முதல் 18 மணி நேரத்துக்குள் வருவது வழக்கம். 48 மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

நகராட்சிக் கழிவுநீர் நிலையத்து டைஜெஸ்டர் (காற்றில்லாமல் கசட்டைச் செரிக்கும் கலன்) கசடு எந்தப் பெரிய ஊரிலும் கடிதம் கொடுத்தால் கிடைக்கக்கூடியது. ஒன்றுபோல இருக்கும், பம்ப்பில் சிக்காது. ஆனால் இருபது நாளுக்கு மேல் தேங்கி முதிர்ந்த கசடு. மீத்தேன் கூட்டம் செழிப்பாக இருக்கும். மணலும் முடியும் கலந்து வரும், ஆகவே சல்லடை கட்டாயம். கையுறையும் கட்டாயம், நோய்க்கிருமி உள்ள பொருள் இது. அதே நிலையத்தில் காற்றூட்டத் தொட்டியிலிருந்து வரும் உபரிக் கசட்டையும் கேட்டுப் பாருங்கள். காற்றில் வளர்ந்தது என்பதால் மீத்தேன் கூட்டம் மெலிந்திருக்கும், குளோஸ்ட்ரிடியத்தின் வித்துகள் (சூட்டையும் காற்றையும் தாங்கும் உறங்குநிலை வடிவம்) மட்டும் உறங்கிக்கொண்டிருக்கும். முதல் குமிழிக்குக் காத்திருக்க வேண்டும், காத்திருப்பு வீணாவதில்லை.

சாண எரிவாயுக் கலனின் குழம்பு மலிவு, எந்தக் கிராமத்திலும் கிடைக்கும். நார் அதிகம். சர்க்கரை சேர்க்காத ஒப்பீட்டுக் குப்பியே கணிசமாக வாயு விடும், அதைக் கழிக்காமல் எழுதினால் விளைச்சல் பொய்யாக உயரும். பசுஞ்சாணத்தைவிடக் கலனில் செரித்த குழம்பில் இந்தத் தொல்லை குறைவு. மாட்டுக்குத் தீவனம் மாறினால் கூட்டமும் மாறும். இந்த மாதத்து முடிவு அடுத்த மாதம் திரும்ப வராமல் போகும். மாணவர் செய்முறைக்குச் சரி. ஒப்பீட்டு ஆய்வுக்கு வேண்டாம்.

சாராய ஆலையின் உயிர்வாயு நிலையக் கசட்டையும் சிலர் பரிந்துரைக்கிறார்கள். மொலாசஸ் (சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் பாகு) கழிவுநீரில் சல்பேட் மிகுதி. அதில் வளர்ந்த கசட்டில் சல்பேட்டைக் குறைக்கும் பாக்டீரியா கூட்டமாக இருக்கும், அவற்றில் டெசல்ஃபோட்டோமாக்குலம் போன்றவை வித்து விடுபவை. கொதிக்க வைத்தாலும் எழுந்து வரும். குப்பியில் அழுகிய முட்டை நாற்றம் வந்தால் இதுதான். ஜன்னலைத் திறந்துவிட்டு அடுத்த விதைக்குப் போங்கள்.

ஆனால் சாராய ஆலைக் கழிவுநீரை விதையாக அல்லாமல் உணவாகப் பார்த்தால் கதை வேறு. வத்சலா குழுவினர் 2008-இல் வெளியிட்ட ஆய்வில் 100 கனமீட்டர் அளவில் சாராய ஆலைக் கழிவுநீரை நொதிக்க வைத்தார்கள். போட்டது கசடு அல்ல. சிட்ரோபாக்டர் ஃபிராயுண்டி, என்டரோபாக்டர் ஏரோஜீன்ஸ், ரோடோசூடோமோனாஸ் பலுஸ்ட்ரிஸ் என்று தெரிந்தெடுத்த மூன்று பாக்டீரியாக்களின் கூட்டு. ஒரு மோல் குளுக்கோஸுக்குச் சராசரி 2.76 மோல், மொத்தம் 21.38 கிலோ ஹைட்ரஜன். இந்த அளவில் எண்கள் வெளியான ஆய்வுகள் அரிது.

மட்கு உரம் 55 முதல் 60 டிகிரியில் ஓட்டுகிறவர்களுக்கு. வெந்து மட்கும் குவியலின் நடுவிலிருந்து எடுத்தால் தெர்மோஅனேரோபாக்டீரியம் தெர்மோசாக்கரோலிட்டிக்கம் போன்ற வெப்ப விரும்பிகள் கிடைக்கும். அந்தச் சூட்டில் கூட்டத்தின் வகைகள் குறைந்து, லாக்டிக் பாக்டீரியாவின் தொல்லையும் தணிகிறது. விளைச்சல் 35 டிகிரியைவிட நன்றாகவே இருக்கும். கழிவுநீர் ஆலையிலிருந்தே சூடாக வருகிறது என்றால் யோசிக்கலாம். குளிர்ந்த நீரைச் சூடாக்கி ஓட்டுவதென்றால், வருகிற ஹைட்ரஜன் அந்தச் சூட்டுக்கே போதாது.

பொடிப் பாக்கெட்டுகள். செப்டிக் டேங்க்குக்கும் சாண எரிவாயுக் கலனுக்கும் விற்கப்படுபவை இவை. எரிவாயுக் கலனுக்கானது என்றால் அதன் குறிக்கோளே மீத்தேன், அதாவது நமக்கு வேண்டாதது. செப்டிக் டேங்க்குக்கானது என்றால் பெரும்பாலும் தவிட்டிலோ டால்க்கிலோ கலந்த பேசிலஸ் பாக்டீரியாவின் வித்து. லேபிளில் கிராமுக்கு இத்தனை கோடி என்று போட்டிருக்கும் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். அது காற்றுள்ள தட்டில் எண்ணியதா, காற்றில்லாப் பெட்டியில் எண்ணியதா என்று விற்பவரைக் கேளுங்கள். பதில் வராவிட்டால் காசு மிச்சம். தவிடு கலந்ததாக இருந்தால் அந்தத் தவிடே நொதித்து வாயு தரும், "பொடி வேலை செய்கிறது" என்ற மாயையும் கூடவே வரும்.

தூய வகைக்கு வருவோம். சண்டிகரின் எம்.டி.சி.சி., புனேயின் என்.சி.ஐ.எம். ஆகிய காப்பகங்களில் உலர்நிலையில் வகைகள் கிடைக்கும். குளோஸ்ட்ரிடியம் பியூட்டிரிக்கம் வேண்டுமென்றால் காற்றில்லாமல் கையாளத் தெரிந்திருக்க வேண்டும்: ஊடகத்தைக் கொதிக்க வைத்து, நைட்ரஜன் ஓடவிட்டு, மிச்ச ஆக்சிஜனை நீக்க லிட்டருக்கு அரை கிராம் சிஸ்டீன் ஹைட்ரோகுளோரைடு சேர்த்து, ஆக்சிஜன் இருப்பைக் காட்டும் ரெசசூரின் சாயத்தின் இளஞ்சிவப்பு போய் நிறமற்றதாகும் வரை காத்திருந்து பிறகே விதைக்க வேண்டும். என்டரோபாக்டர் வகைகள் இவ்வளவு கூச்சப்படுவதில்லை. கரக்பூர் ஐ.ஐ.டி.யில் தனிமைப்படுத்திய என்டரோபாக்டர் குளோயக்கே ஐ.ஐ.டி.-பி.டி. 08 ஒரு மோல் குளுக்கோஸுக்கு 2.2, ஒரு மோல் சுக்ரோஸுக்கு 6 மோல் வரை கொடுத்ததாக தேபப்ரத தாஸ் குழு 2000-இல் எழுதியது. நல்ல எண்தான். ஆனால் உணவைக் கிருமி நீக்கிப் போட்ட வரைக்கும்தான் அது தூய வகை. சமையல் கழிவோ கிழங்குக் கழிவுநீரோ போட்ட மறுநாளே அது கூட்டம்.

கூட்டமாக இருப்பதில் லாபமும் உண்டு. சிஸ்டீன் சேர்க்காமலே குளோஸ்ட்ரிடியம் பியூட்டிரிக்கத்தை ஓட்ட முடியும் என்று ஜப்பானின் யோகோய் குழு 1998-இல் காட்டியது. உடன் வைத்த என்டரோபாக்டர் ஏரோஜீன்ஸ் மிச்ச ஆக்சிஜனைத் தின்று இடத்தைச் சுத்தம் செய்துகொடுக்கிறது. லாக்டிக் பாக்டீரியாவும் எப்போதும் எதிரி அல்ல. அவை விட்ட லாக்டிக் அமிலத்தை அசிட்டிக்கோடு சேர்த்து எடுத்துப் பியூட்டிரிக்காகவும் ஹைட்ரஜனாகவும் மாற்றும் குளோஸ்ட்ரிடியங்கள் உண்டு, மெகாஸ்ஃபேரா என்ற பாக்டீரியாவும் உண்டு. லாக்டிக் ஏறி, பிறகு இறங்கி, பியூட்டிரிக் ஏறினால் பதற வேண்டாம். லாக்டிக் ஏறி அங்கேயே நின்றால்தான் கெட்ட செய்தி.

இப்போது சூடாக்கல். எந்தக் கசடானாலும் 95 முதல் 100 டிகிரி, 30 முதல் 60 நிமிடம் என்பது வழக்கமான குறிப்பு. நேரத்தைத் தண்ணீர்த் தொட்டியின் சூட்டிலிருந்து எண்ணாமல், கசட்டின் நடுவில் வைத்த வெப்பமானி 95-ஐத் தொட்டதிலிருந்து எண்ணுங்கள். மெல்லிய படலமாக, அகலப் பாத்திரத்தில் வையுங்கள். வித்து விடும் குளோஸ்ட்ரிடியம் தப்பும், மீத்தேன் ஆர்க்கியா சாகும். இவ்வளவும் உண்மை. ஆனால் இதோடு எல்லாம் முடிந்தது என்று நினைக்கிற இடத்தில்தான் பெரும்பாலான குப்பிகள் கெடுகின்றன. அசிட்டோஜென்கள் என்றொரு கூட்டம் உண்டு. 4 மோல் ஹைட்ரஜனையும் 2 மோல் கார்பன் டைஆக்சைடையும் சேர்த்து ஒரு மோல் அசிட்டிக் ஆக்கிவிடும். அவற்றிலும் பல வித்து விடுபவை, கொதிநீரைத் தாண்டி வரும். மீத்தேன் பூஜ்யம், குப்பியின் ஹைட்ரஜன் முதல் நாள் ஏறி இரண்டாம் நாளிலிருந்து இறங்குகிறது, அசிட்டிக் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது என்றால் திருடன் இவன்தான். கசிவு என்று நினைத்து மூடியை மாற்றிக்கொண்டிருப்பார்கள். கசிவென்றால் அசிட்டிக் ஏறாது, வித்தியாசம் அங்கே.

இவற்றுக்கு மருந்து சூட்டில் இல்லை, ஓட்டும் முறையில் இருக்கிறது. வாயுவைத் தேங்கவிடாமல் எடுத்துக்கொண்டே இருப்பது, கலக்கலைக் கூட்டுவது, முடிந்தால் நைட்ரஜன் ஊதுவது. ஹைட்ரஜன் அழுத்தம் குறைந்தால் திருடனுக்கும் பட்டினி, தருகிறவனுக்கும் வேகம். தொடர் கலனில் தங்கும் நேரத்தைக் குறைத்தால் மெதுவாக வளர்கிற மீத்தேன் கூட்டம் கழுவிக்கொண்டு போய்விடும். ஃபாங், லியு இருவரும் 2002-இல் வெளியிட்ட குளுக்கோஸ் சோதனையில் 36 டிகிரி, 6 மணி நேரத் தங்கல், பி.எச். 5.5 என்ற அமைப்பில் 64 சதவீத ஹைட்ரஜனும் ஒரு மோலுக்கு 2.1 மோலும் வந்தன. தொடங்குகிறவர்கள் இந்த மூன்று எண்ணையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். பி.எச். 6-ஐத் தாண்டி, தங்கும் நேரமும் 12 மணிக்கு மேல் நீண்டால், எவ்வளவு நன்றாக வேகவைத்த விதையானாலும் மீத்தேன் திரும்பி வரும்; உணவோடு தினமும் புது ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்களே.

அந்தப் புது ஆட்களில் மோசமானவர்கள் சமையல் கழிவோடு வரும் லாக்டிக் பாக்டீரியா. சர்க்கரையைப் பிடுங்குவது ஒருபுறம், பாக்டீரியோசின் எனும், பிற பாக்டீரியாவைக் கொல்லும் புரதத்தை விட்டுக் குளோஸ்ட்ரிடியத்தை அடக்குவது மறுபுறம். நொய்கே குழு 2002-இல் காட்டியபடி, உணவை 50 டிகிரிக்கு மேல் 30 நிமிடம் வைத்தாலே இந்தத் தடை விலகுகிறது. விதையை மட்டும் வேகவைத்துவிட்டு உணவைப் பச்சையாகப் போடுகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளவும்.

வாயுவை அளப்பதில் மூன்று இடங்களில் எண் தவறும். ஒன்று, வெறும் தண்ணீரை இடம்பெயர்த்து அளந்தால் கார்பன் டைஆக்சைடு கரைந்துவிடும். உப்பைக் கரையுமட்டும் கரைத்து, அமிலம் விட்டு பி.எச். 2-க்குக் கொண்டுவந்த நீரைப் பயன்படுத்துங்கள். இரண்டு, சிலிக்கோன் குழாய். ஹைட்ரஜன் அதன் சுவர் வழியே ஊடுருவிப் போகும். வைட்டான் ரப்பரோ ஸ்டீலோ போடுங்கள், நீளத்தைக் குறையுங்கள். மூன்று, நீராவி. 35 டிகிரியில் ஈரமாக அளந்த கன அளவை 0.837-ஆல் பெருக்கினால்தான் பூஜ்ய டிகிரி உலர் அளவு வரும். இதை விட்டுவிட்டாலே விளைச்சல் 19 சதவீதம் கூடித் தெரியும். கேஸ் குரோமட்டோகிராஃபில் (வாயுக் கலவையைப் பிரித்து அளக்கும் கருவி) டி.சி.டி. எனும் வெப்பக் கடத்தல் உணர்வி வைத்திருந்தால், கடத்தும் வாயுவாக ஹீலியத்துக்குப் பதில் ஆர்கானையோ நைட்ரஜனையோ ஓடவிடுங்கள். ஹீலியத்தின் வெப்பக் கடத்தல் ஹைட்ரஜனுக்கு மிக அருகில் இருப்பதால் உச்சி சரியாக எழாது.

சரியாக ஓடினால் 600 மி.லி. திரவமுள்ள குப்பியில் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் ஹைட்ரஜன் வர வேண்டும். திறக்கும்போது காறிப்போன வெண்ணெய் வாடை அடித்தால் பியூட்டிரிக், நல்ல அடையாளம். தயிர்ப் புளிப்பு மட்டும் என்றால் லாக்டிக். நெருப்பு அருகில் வேண்டாம். காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை எங்கிருந்தாலும் ஹைட்ரஜன் தீப்பிடிக்கும்.

எரிபொருள் கனவோடு வருகிறவர்களுக்கு ஒரு கணக்கு. ஒரு கிலோ குளுக்கோஸில் 2 மோல் விளைச்சல் என்றால் 22 கிராம் ஹைட்ரஜன், 2.7 மெகாஜூல். அதே கிலோ முழுதும் மீத்தேனாகப் போனால் 13 மெகாஜூலுக்கு மேல். மிச்ச ஆற்றல் எங்கும் போகவில்லை, அமிலமாகக் கலனில் நிற்கிறது. ஆகவே இரண்டாவது கலனில் மீத்தேன் எடுக்கும் திட்டமில்லாமல் பெரிய அளவுக்கு இறங்காதீர்கள். அந்த இரண்டாவது கலனுக்கு விதை, அதே ஜவ்வரிசி ஆலைக் கசடு, வேகவைக்காமல். ஆலைக்குப் போகும்போதே இரண்டு கேனாக வாங்கிவிடுங்கள். மூடியை இறுக்கித் திருகாதீர்கள், பேருந்துச் சூட்டில் வாயு சேர்ந்து கேன் உப்பும். வந்ததும் மீத்தேனுக்கானதை நிழலில் வையுங்கள். ஹைட்ரஜனுக்கானதை அன்றே வேகவைத்து, பயன்படுத்தும்வரை 4 டிகிரியில் வைத்துக்கொள்ளலாம், வித்துகளுக்கு அவசரமில்லை.